பெரியவரு உக்காந்த சீட்டு

இங்கியே உக்காந்துக்குங்க. சன்னலோரம் வேணுமின்னாலும் எடுத்துக்குங்க, எனக்கு வேண்டாம். முன்னால டிரைவருக்குப் பக்கத்துல ஒத்தை சீட்டு ஒண்ணு காலியாக் கெடக்குது பாருங்க, கண்டக்டர் என்னைய அங்க போயி உக்காரச் சொன்னான். ‘பெரியவரே, முன்னால போயிருங்க, காலை நல்லா நீட்டிக்கலாம்’ங்கறான். நான் அவனை ஒரு பார்வை பாத்தனுங்க. டிரைவருக்குப் பக்கத்துல போயி உக்கார்ற வம்சமா நாங்க? அப்பறம் பெரியவரேன்னு வேற கூப்புடறான். எங்க ஊருல பெரியவருன்னா அது எங்கப்பா ஒருத்தருதான். நான் சின்னவரு. அறுபத்தாறு வயசானாலும் சின்னவருதான்.

நான் சிங்காநல்லூருங்க. நீங்க? சூலூரா. செரி, அதுவரைக்கும் பேச்சுத்தொணைக்கு ஆச்சு.

ராக்கியண்ணன் மில்லுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லைங்களா? ஒரு தரம்கூடவா? அப்ப நீங்க இந்தப் பக்கத்து ஆளே இல்லை. எந்த ஊருன்னு கேக்க மாட்டேன், விடுங்க. ராக்கியண்ணன்தான் எங்கப்பா. மூணு ஷிப்டு ஓடுன நூல் மில்லு. இப்ப அந்த எடத்துல சூப்பர் மார்க்கெட்டு வந்துருச்சு. கத்திரிக்காயை பிளாஸ்டிக் தாள்ல சுத்தி வெச்சு விக்கறானுங்க, மில்லு எந்திரம் ஓடுன எடத்துல.

நான் எங்கீங்க போயிட்டு வர்றேன்னா, பல்லடத்துல ஒரு ஒர்க்‌ஷாப்பு. எங்க டிரைவர் மயில்சாமியோட மக வெச்சு நடத்தறா. கோகிலவாணின்னு பேரு. பேரைக் கேட்டா பாட்டு கிளாஸ் எடுக்கறவளாட்ட இருக்குதில்லீங்க? லாரிக்கும் ஸ்கூல் வேனுக்கும் பிரேக்கு பாக்கறா. முழங்கை வரைக்கும் கிரீஸு. அவதான் எங்கப்பா காரைக் காயலான் கடையில இருந்து இழுத்துட்டு வந்து, மூணு வருசமா நோண்டி நோண்டி, இன்னைக்கு ஓட வெச்சுருக்கறா. எங்க காரை. டிரைவர் மக.

எனக்கு வயிறு எரியுதுன்னு நினைக்கறீங்க. எரியுதுதான், இல்லைங்கல. ஆனா அதுக்கு நாயம் இருக்குது, கேளுங்க.

அந்தக் காரு சாதாரணக் காரில்லைங்க. மஸ்டாங்கு. அமெரிக்காக்காரன் வேகத்துக்குன்னே செஞ்ச வண்டி, எட்டு சிலிண்டரு. மெட்ராஸுல எவனோ வெளிநாட்டுத் தூதரகத்துக்காரன் ஊருக்குத் திரும்பிப் போறப்ப ஏலத்துல விட்டுட்டுப் போனான். எங்கப்பா பஞ்சு விசயமா அங்க போனவரு, ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லாம அதை எடுத்துட்டு வந்துட்டாரு. எழுபத்தி நாலாம் வருசம். ரத்தச் செவப்பு. மூக்கு மட்டும் மாட்டு வண்டி நீளம் இருக்கும். மத்த மில்லுக்காரனுங்க எல்லாம் அம்பாசிடரு வெச்சிருந்த காலம். ஸ்டார்ட் பண்ணுனா மில்லு சங்கு ஊதறதுக்கு முந்தி ஊரே எந்திரிச்சுக்கும்.

அதுக்கு ரெண்டே கதவுங்க. பின்னால உக்காரோணுமின்னா முன் சீட்டை மடக்கி, குனிஞ்சு, உள்ள பூந்து போகோணும். எங்கப்பா ஆறடி. வெள்ளை வேட்டி, சந்தனக் கலரு சட்டை, தோள்ல துண்டு. தெனமும் காலையில மயில்சாமி சீட்டை மடக்கிப் புடிச்சுக்குவான், எங்கப்பா குனிஞ்சு உள்ள போயி, முட்டி நெஞ்சுல இடிக்க உக்காந்துக்குவாரு. ஊட்டுல இருந்து மில்லுக்கு நாலு நிமிசம். மில்லு கேட்டுல திரும்பவும் சீட்டை மடக்கி, குனிஞ்சு, வெளிய வந்து, வேட்டியை உதறிக் கட்டுவாரு. வாச்மேன் சல்யூட் அடிப்பான்.

ஏனுங்க சிரிக்கறீங்க? முன்னாலயே உக்காந்துக்கலாமேன்னு கேக்கறீங்களா? அதான் உங்களுக்குத் தெரியாது. மொதலாளி பின்னாலதானுங்க உக்காரோணும். அதுவுமில்லாம அது அமெரிக்கா வண்டி, ஸ்டீரிங்கு எடது பக்கம். முன் சீட்டுல உக்காந்தா வலது பக்கம் வரும். நம்ம ஊருல வலது பக்கம் முன்னால உக்காந்தவனுக்கு என்ன பேரு? டிரைவரு. எங்கப்பா அங்க உக்காந்து, மயில்சாமி எடது பக்கம் உக்காந்தா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? மயில்சாமி மொதலாளி, எங்கப்பா டிரைவருன்னுதானே. அந்தச் சீட்டு எப்பவும் காலியாத்தான் போகும். டிரைவரே இல்லாம ஒரு செவப்பு வண்டி போகுதுன்னு ஊருப் பசங்க பின்னாலயே ஓடுவானுங்க.

நான் அப்ப கோயமுத்தூர்ல காலேஜு. ஒருக்கா கேட்டேன், அப்பா, நாளைக்கு நீங்களும் அந்தப் பக்கந்தானே போறீங்க, என்னையும் காருல எறக்கி விட்ருங்களேன்னு. ‘பஸ்ஸு இருக்குதல்ல’ன்னாரு. அவ்வளவுதான். திரும்பக்கூட இல்லை. எங்கப்பா எங்கிட்ட மொத்தமாப் பேசுனதை எழுதுனா ஒரு நோட்டு நெறையாதுங்க. சிரிச்சது? நான் பாத்ததே இல்லை. கல்யாண போட்டோவுல பாருங்க, எழவு ஊட்டுக்கு வந்தவராட்ட நிக்கறாரு. அந்தக் காலத்துப் பெரிய மனுசனுங்க அப்படித்தான். அதுல ஒரு கம்பீரம் இருக்குமுங்க. இப்பத்தவன் எல்லாம் பெத்த பையனைத் தோள்ல கை போட்டு, டா போட்டு... என்ன எளவோ.

காரணம்பேட்டை வந்துருச்சா? ஆளு ஏறுது, காலை இழுத்துக்குங்க.

மயில்சாமி கதைக்கு வர்றேன். எனக்கும் அவனுக்கும் என்ன பகைன்னு கேட்டீங்கன்னா, நான் கண்ணால பாத்ததுங்க, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எழுபத்தஞ்சோ ஆறோ. தாராபுரம் ரோட்டுல பஸ்ஸுல வந்துட்டிருக்கேன், இதே மாதிரி சன்னலோரம். பின்னால இருந்து ஒரு உறுமல். பாத்தா எங்க காரு. பஸ்ஸு ஏதோ நிறுத்திப் போட்டாப்பல, சர்ருன்னு தாண்டிப் போகுது. ஓட்டறவன் மயில்சாமி. பின் சீட்டுல எங்கப்பா இல்லை. அந்த வலது பக்கத்து முன் சீட்டுல எவனோ ஒருத்தன், தலையில துண்டைக் கட்டிட்டு, வாயெல்லாம் பல்லா சிரிச்சுட்டுப் போறான். காட்டு வேலைக்குப் போறவனாட்ட இருக்கறான். ஒரு நொடிதான் பாத்தேன். ஆனா அந்தச் சிரிப்பு இன்னைக்கும் கண்ணுல நிக்குது. என்னைய பஸ்ஸுல போன்னுட்டு, எங்க காருல டிரைவரு தன்ற சேக்காளியை ஏத்திட்டு ஊர்கோலம் போறான்.

அன்னைக்கு ராத்திரி சாப்புடறப்ப எங்கப்பாகிட்டச் சொல்லிப்போட்டேன். மயில்சாமி எவனையோ ஏத்திட்டுப் போறானுங்கப்பா, மொத அவனை நிறுத்துங்கன்னு. எங்கப்பா சோத்தைப் பெசஞ்சுட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு, ‘நான் பாத்துக்கறேன்’னாரு. பாக்கலை. ஒண்ணும் பண்ணலை. எங்கப்பா அவனுக்கு அப்படி எடங் குடுத்து வெச்சிருந்தாரு.

தொண்ணூத்தி ஒண்ணுல எங்கப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே. கருமாதி முடிஞ்ச மறுநாளு நான் பண்ணுன மொத வேலை, மயில்சாமியைக் கூப்புட்டு நிறுத்துனேன். மொதலாளி காருல கண்டவனை முன்னால உக்கார வெச்சு ஓட்டுனவன்தானே நீ, போயிட்டு வான்னேன். அவன் என்ற மொகத்தையே பாத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பறம் கம்முனு சாவியைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை பாருங்க, அப்பத் தப்பு அவன் மேலதானே? நான் அப்படித்தான் நெனச்சேன்.

அதுக்கப்பறம் அந்தக் காரை யாரும் ஓட்டலை. ஓட்ட உடுவனா? எங்கப்பா உக்காந்த எடமுங்க. மில்லுலயே ஷெட்டுக்குள்ள நிறுத்தி, பின் சீட்டுல அவரு படத்தை வெச்சு, மாலை போட்டு, வெள்ளிக்கெழமையானா வண்டி மேல மஞ்சத்தண்ணி தெளிச்சு, பேனட்டு மேல சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் கொளுத்தி... பதினேழு வருசம். ஒரு வெள்ளிக்கெழமை தவறலை. இதைச் சொன்னா அந்தப் புள்ளை கோகிலவாணி என்ன சொல்றா தெரியுங்களா? ‘சார், நீங்க பூஜை பண்ணுன எடத்துல எல்லாம் ஓட்டை விழுந்துருச்சுங்க சார். மத்த எடமெல்லாம் தகரம் நல்லா இருக்குது’ங்கறா. பொட்டு வெச்ச எடத்துல கையை விட்டா இஞ்சின் தெரியுதாம். சாமி கும்புட்டதுக்கு துருப் புடிச்சுதுன்னு சொல்ற காலமாப் போச்சு.

அப்பறம் மில்லு எடத்தைக் குடுக்க வேண்டி வந்துது. வாங்குனவன் மூணு நாள்ல காலி பண்ணுங்கன்னுட்டான். நான் காரை விக்கலைங்க, அதைத் தெளிவாச் சொல்லிர்றேன். உக்கடத்துக் காயலான் கடைக்காரனை எடுத்துட்டுப் போகச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனா அதுக்கு முந்தி ஒரு காரியம் பண்ணுனேன். ஆளைக் கூட்டியாந்து அந்தப் பின் சீட்டை மட்டும் முழுசாக் கழட்டி ஊட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். எங்கப்பா உக்காந்த சீட்டைக் கோழி எச்சம் போட விட்ருவனா? எங்க பிளாட்டுல சாமி ரூமுக்குப் பக்கத்துல செவுத்தோரமா வெச்சு, மேல அவரு படம். எங்கூட்டுக்காரி, ஒரம்பரை சனம் வந்தா மானம் போகுதுன்னு சண்டைக்கு வருவா. தொடைக்கறதும் அவதான்.

இந்தக் கோகிலவாணி ஏதோ லாரிக்கு கியர் பாக்ஸு தேடி உக்கடம் போயிருக்கறா. அந்தக் காயலான் கடைக்காரன் ஒடைக்க மனசில்லாம ஒரு மூலையில தள்ளி வெச்சிருந்திருக்கறான், உள்ளுக்குள்ள கோழி அடைகாத்துட்டு இருந்திருக்குது. நம்பர் பிளேட்டைப் பாத்ததும் இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ பொறக்கறதுக்கு முந்தி வாங்குன வண்டி, நம்பரு மனப்பாடம். அவுங்க ஊட்டுல சோறு பிசைஞ்சு ஊட்டறப்ப இந்தக் காருக் கதையத்தான் சொல்லி ஊட்டியிருப்பானாட்ட இருக்குது மயில்சாமி. இழுத்துட்டு வந்துட்டா. இஞ்சின் மொத்தமா இறுகிக் கெடந்துதாம். மாசக் கணக்குல டீசலை ஊத்தி ஊற வெச்சு, தெனமும் கொஞ்சங் கொஞ்சமா அசைச்சுப் பாத்து, ஒரு நாளு சுத்துச்சாம். அன்னைக்கு அவுங்கப்பன் அழுதானாம். இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்றாளோ தெரியலை.

எங்கூட்டைத் தேடிட்டு அந்தப் புள்ளை வந்தது எதுக்குன்னா, கையெழுத்துக்கு. ஆர்.சி. புக்கு எங்கப்பா பேருல இருக்குது, நான் ஒத்தைப் பையன். நான் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி ரோட்டுக்குப் போகும். இல்லாட்டி அவ ஷெட்டுக்குள்ளயே நின்னு உறுமிக்க வேண்டியதுதான். ‘எங்கப்பாவுக்கு எம்பத்தி நாலு ஆச்சுங்க சார். ஒரே ஒருக்கா தாராபுரம் ரோட்டுல கூட்டிட்டுப் போகோணும்’ன்னா. நான் அந்தச் சீட்டைக் காட்டுனேன். மாலையெல்லாம் போட்டு இருக்குதில்லீங்க. அப்படியே நின்னு பாத்தா. சிரிக்கலை. அதை மட்டும் சொல்லோணும்.

நான் சொன்னேன், எங்கப்பா சீட்டை அது இருந்த எடத்துலயே மாட்டோணும். மாலை போடோணும். அதுல ஒருத்தனும் உக்காரக் கூடாது. முக்கியமா உங்கப்பன் உக்காரக் கூடாது. அப்படின்னா கையெழுத்துன்னேன். ‘செரிங்க சார்’னுட்டா.

அதுக்குத்தான் இன்னைக்குப் போனது. குட்டியானை வண்டி ஒண்ணு புடிச்சு, சீட்டைப் பொடவையில சுத்தி ஏத்துனேன். நானும் பின்னாலயே, சீட்டைப் புடிச்சுட்டு, தகரத்துல கீழ உக்காந்துட்டுப் போனேன். முன்னால வாங்கன்னான் அந்த டிரைவரு. வேண்டாமுன்னுட்டேன். இடுப்பு போயிருச்சு போங்க.

அங்க குஷன் வேலைக்கு ஒரு பாய் வந்திருந்தாரு. சீட்டைப் பிரிச்சு, துணியைத் தள்ளி, கையை வெச்சு அமுக்கிப் பாத்தாரு. இன்னொருக்கா அமுக்குனாரு. ‘என்னண்ணே, இது புதுசாட்ட இருக்குது. ஸ்பிரிங்கு ஒண்ணுகூட எறங்கலையே. இதுல யாரு உக்காந்தது?’ன்னாரு. நான் சொன்னேன், பதினேழு வருசம் எங்கப்பா உக்காந்த சீட்டு, நீ உன்ற சோலியைப் பாருன்னேன். அவரு சும்மா இருக்கோணுமில்லீங்க? அந்தக் கோழி முட்டை வெச்ச முன் சீட்டை, அதான் வலது பக்கத்துச் சீட்டை இழுத்துப் போட்டாரு. ‘ஆளு உக்காந்தது இதுலதானுங்க. நல்ல கனமான ஆளு. வலது பக்கமாச் சாஞ்சே உக்கார்ற ஆளு. பாருங்க, இந்த ஓரம் மட்டும் எப்படி எறங்கியிருக்குது’ன்னாரு.

எங்கப்பாவுக்கு எடது இடுப்புல நோவுங்க. எங்க உக்காந்தாலும் வலது பக்கமாத்தான் சாஞ்சு உக்காருவாரு.

அந்தப் புள்ளை கீழ குனிஞ்சு அந்த முன் சீட்டுக்கு முன்னால கெடந்த பழைய தகரத்தைக் காட்டுனா. காருத் தரையில இருந்து வெட்டி எடுத்தது, தூக்கிப் போடாம வெச்சிருக்கறா. வலது கால் வெக்கற எடத்துல, குதிகால் அளவுக்கு ஒரு குழி. அங்க பிரேக்கு இல்லை, ஆக்ஸிலேட்டரு இல்லை, ஒண்ணுமே இல்லைங்க. வெறுந்தகரம். அதை ஒரு காலு அமுக்கி அமுக்கிக் குழி விழுந்திருக்குது.

மயில்சாமி பிளாஸ்டிக் சேருல உக்காந்திருந்தான். நான் உள்ள வந்தப்ப எந்திரிக்கப் பாத்தான், முடியலை. அவனைப் பாத்துக் கேட்டேன், என்ன இதுன்னு. ‘பெரியவரு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாருங்க சின்னவரே’ன்னான். நான் திரும்பக் கேட்டேன். அவன் மகளைப் பாத்தான். அப்பறம் சொன்னான்.

ஊரு எல்லை தாண்டுனதும் ஒரு வளைவு இருக்குதாம், ரெண்டு பக்கமும் ஆளு நடமாட்டம் இல்லாத எடமாம். அங்க எங்கப்பா வண்டியை நிறுத்தச் சொல்லுவாராம். எறங்கி, முன்னால வந்து, அந்த வலது பக்கத்துச் சீட்டுல உக்காந்துக்குவாராம். யாரும் அடையாளம் கண்டுக்கக் கூடாதுன்னு துண்டை எடுத்துத் தலையில கட்டிக்குவாராம். அப்பறம், ‘விடு மயிலு’ம்பாராம். எங்கப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. ஆனா கையை ஸ்டீரிங்கு புடிச்சாப்பல வெச்சுக்கிட்டு, காலைத் தகரத்துல அமுக்கி அமுக்கி, ‘இன்னும் விடு, இன்னும் விடு’ம்பாராம். ஒவ்வொரு பஸ்ஸு தாண்டறப்பவும் சிரிப்பாராம். பக்குன்னு, சின்னப் பசங்களாட்ட. திரும்பி வர்றப்ப அதே வளைவுல எறங்கி, துண்டை உதறித் தோள்ல போட்டு, வேட்டியைச் சரி பண்ணி, பின்னால பூந்துக்குவாராம்.

சிரிச்சாரான்னு கேட்டேன். ‘ஆமாங்க’ன்னான். எங்கப்பனாடான்னு கேட்டேன். ‘ஆமாங்க சின்னவரே’ன்னான். தலையில துண்டைக் கட்டிக்கிட்டாடான்னு மூணாவது தரமும் கேட்டேனுங்க. அவன் என்ற மொகத்தையே பாத்தான், அன்னைக்குச் சாவியைக் கழட்டி வெச்சானே, அதே மாதிரி.

பஸ்ஸு சன்னல்ல இருந்து நான் பாத்தனுங்க. ஒரு நொடி. வாயெல்லாம் பல்லா ஒரு ஆளு. சொந்த அப்பனை எனக்கு அடையாளம் தெரியலை. அவரு ஆயுசுல சிரிச்சு நான் பாத்தது அது ஒண்ணுதான், அதையும் கோள் மூட்டறதுக்கு வெச்சுக்கிட்டேன். அவருகிட்டயே போயிச் சொல்லியிருக்கறேன் பாருங்க. மொத அவனை நிறுத்துங்கன்னு. அவரு சோத்தைப் பெசஞ்சுட்டே இருந்தாரு.

இல்லைங்க, தண்ணி வேண்டாம். ஒண்ணுமில்லை. சன்னலைச் சித்தெ சாத்துங்க, தூசி.

அதுக்காக நான் அவுங்ககிட்ட எறங்கிப் போயிட்டனான்னு கேக்காதீங்க. என்னதான் இருந்தாலும் அவன் பண்ணுனது தப்பு. மொதலாளி கேட்டாருன்னு முன்னால உக்கார வெச்சுர்றதா? நீ டிரைவரு, உனக்குன்னு ஒரு மரியாதை தெரிய வேண்டாமா? எடுத்துச் சொல்லியிருக்கோணும். எங்கிட்டயாவது சொல்லியிருக்கோணும். எங்கப்பா போனதுக்கப்பறமாவது சொல்லியிருக்கோணும். முப்பது வருசம் வாயை மூடிட்டு இருந்திருக்கறான் பாருங்க, திமிருதானே அது?

அந்தப் புள்ளை, ‘ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வாங்க சார்’னு கூப்புட்டா. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால ஒருத்தன் சைட்டு பிரிச்சுப் போட்டிருக்கறான். ஊடு ஒண்ணுகூட வரலை, தாரு ரோடு மட்டும் நீட்டாக் கெடக்குது. அங்க ஓட்டுனா யாரும் கேக்க மாட்டாங்களாம். கோழிச் சீட்டையே தொடைச்சு முன்னால மாட்டியிருந்தாங்க. பின் சீட்டையும் பாய் மாட்டிட்டாரு. நான் மயில்சாமியைப் பாத்து, நீ முன்னால ஏறிக்க வேண்டியதுதானேன்னேன். ஒரு நக்கலாத்தான் கேட்டேன். அவ சொல்றா, ‘அப்பா அதுல உக்கார மாட்டேங்கறாருங்க சார். அது பெரியவரு சீட்டுங்கறாரு.’

‘நீங்க உக்காருங்க சார்’னா. முன் சீட்டுப் பக்கத்துக் கதவைத் தொறந்து புடிச்சுட்டு நிக்கறா. நான் யாரு? ராக்கியண்ணன் பையன். முன் சீட்டை மடக்குன்னேன். குனிஞ்சு, பின்னால பூந்து, முட்டி நெஞ்சுல இடிக்க உக்காந்தேன். நான் போட்ட கண்டிசனை நானே மீறிட்டேன்னு உக்காந்ததுக்கப்பறந்தான் நெனப்பு வந்துது. அந்தச் சீட்டுல உக்காந்தா ஒண்ணுமே தெரியறதில்லைங்க. முன் சீட்டோட முதுகு மட்டுந்தான் தெரியுது. எங்கப்பா பாவம்.

வண்டியை எடுத்தா பாருங்க. உறுமிக்கிட்டுக் கெளம்புச்சு. ரோட்டுக் கடைசிக்குப் போயி நிறுத்துனா. இஞ்சினை அமத்தலை. எறங்கி வந்து அந்த வலது பக்கத்துக் கதவைத் தொறந்து வெச்சுட்டு, திரும்பப் போயி ஸ்டீரிங்குல உக்காந்துட்டா. கண்ணாடியில என்னைப் பாக்கக்கூட இல்லை. ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. வண்டி அப்படியே உதறிட்டு நிக்குது.

கதவைச் சாத்து, போலாமுன்னேன்.

முன் சீட்டு காலியாவே திரும்பி வந்துச்சுங்க.

எறங்கி, கையெழுத்தை அப்பறம் பாத்துக்கலாமுன்னுட்டு, ஃபாரத்தை மடிச்சுப் பையில வெச்சுட்டு வந்துட்டேன். அவ செரிங்க சார்னா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடறேன்னா, வேண்டாமுன்னு நடந்தேன். மயில்சாமி மட்டும் பின்னால இருந்து, ‘பாத்துப் போங்க சின்னவரே’ன்னான். அவனுக்கு என்ன. எனக்கு ஊட்டுக்குப் போனா அந்தச் செவுத்தோரம் இனி வெறுஞ்செவுருதான். எங்கூட்டுக்காரி சந்தோசப்படுவா.

அது சூலூர் ஏர்போர்ஸு சுவருதானுங்களே? அப்ப உங்க ஸ்டாப்பு வந்துருச்சு.

சித்தெ இருங்க. உங்க சட்டைப் பையில பேனா இருக்குதில்லீங்க? குடுங்க ஒரு நிமிசம். இந்தா, இந்த ஃபாரத்துலதான், பென்சில்ல பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கறா பாருங்க, எனக்குக் கண்ணு தெரியாதாட்ட. நான் ஒண்ணும் மனசு மாறலைங்க. பொழைச்சுப் போகட்டும். எம்பத்தி நாலு வயசு, எத்தனை நாளைக்கு அவன். பஸ்ஸு குலுங்குது, கையெழுத்து கோணலாத்தான் விழுகுது. விழட்டும். எழுதத் தெரியாதவன்னு நெனச்சுக்கட்டும்.

இந்தாங்க பேனா. நீங்க எந்திரிங்க, வழி விடறேன். நானும் எந்திரிச்சுர்றேன். இல்லைங்க, சிங்காநல்லூர் இன்னும் தூரந்தான். அந்த முன் சீட்டு இன்னும் காலியாத்தானே இருக்குது. அட, வெயிலு அடிச்சா அடிச்சுட்டுப் போகுது, துண்டு இருக்குதில்லீங்க, தலையில போட்டுக்கறேன். இங்க ஒரே குலுக்கலு, இடுப்பு தாங்கலை. அங்கன்னா காலை நல்லா நீட்டிக்கலாம்.